குடித்தனக்காரர் புகார் இலக்கணம்: அகத்திணை நோக்கில் ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

தமிழில் இலக்கணம் காணாத பொருள் குறைவு. எழுத்துக்கும் சொல்லுக்கும் உண்டு. காதலுக்கும் போருக்கும் உண்டு. ஆயினும் “சார், ஒரு சின்ன விஷயம்” என்று தொடங்கி அரைமணி நேரம் நீளும் அந்த உரைநடை வகைக்கு இன்றுவரை எவரும் இலக்கணம் செய்தாரில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லை: வடக்கே எண்ணூர், தெற்கே வண்டலூர், கிழக்கே கடல், மேற்கே பேருந்து போகும் வரை. இவ்வெல்லைக்குள் கீழ்த்தளத்தில் ஓனரும் மேல்தளத்தில் குடித்தனக்காரரும் வாழும் வீடுகளே எடுத்துக்கொள்ளப்பட்டன. ஓனர் வெளிநாட்டிலும் சாவி புரோக்கரிடமும் இருக்கும் வீடுகள் வேறொரு காப்பியத்துக்கு உரியவை.

ஆய்வுத் தரவுகள்: தொலைபேசி அழைப்பு, மாடிப்படிச் சந்திப்பு, வாட்ஸப் குரல் பதிவு, எதைப் படம்பிடித்தார் என்று யாராலும் சொல்ல முடியாத ஆடும் வீடியோ, வீட்டுவேலை செய்யும் அம்மாவின் வாய்மொழி வாக்குமூலம்.

கருதுகோள்: ஒரு புகாரின் நீளத்தை நிர்ணயிப்பது பழுதின் அளவு அன்று, அதற்கு முந்தைய புகாருக்குப் பதில் வந்த வேகமே.

2. திணைப் பாகுபாடு

புகார்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்ததில் ஒழுங்கு ஏதும் தென்படவில்லை. நிலமும் பொழுதும் கொண்டு பிரித்தபோது அவை தாமாகவே ஐந்திணையில் போய் அமர்ந்துகொண்டன. தொல்காப்பியர் வாடகை வீட்டில் இருந்தாரா என்பது தனி ஆய்வுக்குரியது.

குறிஞ்சி. நிலம்: மொட்டைமாடி. பெரும்பொழுது கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை சென்னையைப் பிடித்து உலுக்கும் காலம். சிறுபொழுது யாமம். கூரை ஒழுகும் புகார் நள்ளிரவில்தான் வரும் என்பதைப் பழைய இலக்கணமே சொல்லி வைத்திருக்கிறது. “சார், தூங்கிட்டீங்களா?” என்பது இத்திணையின் முதற்சொல். இதன் உரிப்பொருள் புணர்தல். மாதக்கணக்கில் முகம் பாராத ஓனரும் குடித்தனக்காரரும் டார்ச் லைட்டும் பிளாஸ்டிக் வாளியுமாக ஒரே ஹாலில் கூடுவது குறிஞ்சியில் மட்டுமே.

இத்திணையில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று: சொட்டும் இடம் வேறு, வெடித்த இடம் வேறு. கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓட்டின் இணைப்பு விரிந்தால் தண்ணீர் அங்கே இறங்கி, தளத்தின்மேலேயே நடந்து, தனக்கு வசதியான இடத்தில் கீழே வரும். எனவே சொட்டும் இடத்துக்கு நேர்மேலே சிமெண்ட் பூசுவது பரிகாரமே அன்றிப் பழுதுபார்த்தல் ஆகாது. மழைநீர்க் குழாயின் வாயில் வேப்பிலை அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் மழை ஓய்ந்தபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது அனுபவமுள்ள கொத்தனார்கள் கொள்கை.

முல்லை. நிலம்: வாசற்படி. சிறுபொழுது மாலை. உரிப்பொருள் இருத்தல். “சாயங்காலம் வந்துடறேன் சார்” என்று சொன்ன பிளம்பருக்காகக் குடித்தனக்காரர் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புப் போட்டு ஆற்றியிருப்பது இத்திணை. எந்த மாலை என்று பிளம்பர் கூறாமை இதன் மரபு. “வந்துட்டே இருக்கேன்” என்பதை வழிநடையாகக் கொள்ளாமல் உளப்பாங்காகக் கொள்க.

மருதம். நிலம்: குளியலறை, சமையலறை, சம்ப். சிறுபொழுது வைகறை. உரிப்பொருள் ஊடல். மோட்டார் சுவிட்ச் கீழே ஓனர் வசம் இருக்க, மேலே தலையில் ஷாம்பூவோடு ஒருவர் நிற்பது இதன் தலையாய காட்சி. குழாய் சொட்டுவதும் இத்திணைக்கே உரியது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் கணக்கில் 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர். ஆக, ஒரு வாஷரைக் குறித்து இரு தரப்பும் ஊடிக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் நாலே கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்தவருக்கே இதன் வலி விளங்கும்.

நெய்தல். நிலம்: சுவர். உரிப்பொருள் இரங்கல். சுவரில் ஓதம் ஏறி, உள்ளிருக்கும் உப்பு மேலே வந்து பூத்து, பெயிண்ட் கொப்புளித்து உதிர்வது. சிறுபொழுது எற்பாடு, மாலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழும்போதுதான் சுவரின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெரியும். காலையில் வந்து பார்த்த ஓனர் “நல்லாத்தானே இருக்கு” என்றதும் சாயங்காலம் குடித்தனக்காரர் அனுப்பிய படமும் ஒன்றுக்கொன்று முரண்படாதது இதனால் என்க. ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பவர் அடுத்த வருடமும் அதே பெயிண்டரைக் காப்பாற்றுகிறார்.

பாலை. நிலம்: வறண்ட போர். பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். போரில் நீர்மட்டம் இறங்க, தண்ணீரில்லாமல் ஓடிய மோட்டார் காயில் கருக, ஏசி போட்ட மறுகணம் மெயின் விழுவது. உரிப்பொருள் பிரிதல். பிள்ளைகளின் பரீட்சை முடிந்து, மே மாத வெயிலில் சாமான்கள் வண்டி ஏற, வாசலில் ‘டு லெட்’ பலகை தொங்குவதோடு இத்திணை முற்றும். ஓனர் மாட்டிக் கொடுத்த கர்ட்டன் கம்பியும் அவர்களோடு சேர்ந்து போகுமாயின் அஃது உடன்போக்கு எனப்படும்.

ஐந்திணைக்குப் புறத்தே இரண்டு. ஒருதலைப் புகார் கைக்கிளை: குடித்தனக்காரர் செய்தி மேல் செய்தி அனுப்ப, ஓனர் தரப்பில் இரண்டு நீலக் கோடுகள் மட்டும் தோன்றுவது. பொருந்தாப் புகார் பெருந்திணை: எதிர்வீட்டு நாய் குரைப்பது, செல்போன் டவர் எடுக்காதது, குளியலறை டைல்ஸ் நிறம் மனைவிக்குப் பிடிக்காதது ஆகியவற்றை ஓனர் சரிசெய்து தரவேண்டும் என்பது. நச்சரிக்கும் குடித்தனக்காரர் என்று ஓனர்கள் பொதுவில் சொல்வது இப்பெருந்திணைத் தலைவரைத்தான். ஆனால் தரவுகளைக் கிளறினால், அவர்களில் பலர் முதலில் கைக்கிளையில் இருந்தவர்கள் என்பது புலனாகிறது. சொட்டும் குழாய்க்குப் பதில் கிடைக்காத மனிதர்தான் சிறிது காலம் கழித்து நாயைப் பற்றியும் எழுதத் தொடங்குகிறார்.

3. வாயில்கள்

தலைவனும் தலைவியும் நேரே பேசாதபோது தோழி இடைநிற்பது மரபு. இங்கே அப்பொறுப்பு இரண்டு வீட்டிலும் வேலை செய்யும் அம்மாவுடையது. “மேல்வீட்டு அக்கா பாவம், பாத்ரூம்ல கால் வைக்க முடியல, கேட்டா வாடகை ஏத்திருவாங்களோன்னு பயப்படுது” என்று பாத்திரம் தேய்த்தபடியே அவர் சொல்வது அறத்தொடு நிற்றல். இவ்வாயிலாக வரும் செய்திக்கு மிகைப்படுத்தல் குறைவு. ஆதலின் முதல்தரச் சான்றாகக் கொள்ளத் தக்கது. புரோக்கரையும் வாயிலாகக் கொள்ளலாமோ எனின், ஒரு மாத வாடகையைக் கமிஷனாகப் பெற்றுக்கொண்ட அன்றே அவர் கதையிலிருந்து நீங்கிவிடுவதால், கொள்ளலாகாது.

4. நூற்றுணிபு

இனி, சட்டம் சொல்வது யாது? 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணை பழுதுகளைப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. கட்டடத்தின் கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளை அடித்தல், கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய்த்தொடர் மாற்றுதல், வயரிங் ஆகியவை ஓனர் தலையில். குழாயின் வாஷர், சாக்கடை அடைப்பு, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடித்தனக்காரர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் வேறு.

வழக்கம் இதற்கு நேர்மாறாக ஓடுவதைக் காண்க. வாஷருக்கு ஓனரை அழைக்கிறார்கள். ஓனரும் பெருந்தன்மையாக வாங்கிப் போட்டுவிட்டு, தளம் ஒழுகுவதை “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்கிறார். சட்டப்படி அவருக்கு உரியது தளம், உரியதல்லாதது வாஷர். காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பதும் ஊர் வழக்கு; வெள்ளையடிப்பதை அட்டவணை ஓனர் பங்கில் வைத்திருப்பதை ஒப்பந்தம் எழுதும் நாளில் இருவருமே படிப்பதில்லை.

மேலும் மூன்று விதிகள் ஓனர்கள் மனப்பாடம் செய்யத் தக்கவை. ஓனர் தம் பங்குப் பழுதைப் பார்க்க மறுத்தால் குடித்தனக்காரரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் கழிப்பது பாதி வாடகைக்கு மேல் போகலாகாது. பழுது பார்க்கவே ஆனாலும், 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டே வீட்டுக்குள் நுழைய வேண்டும். தம் வீடுதானே என்று மாற்றுச் சாவியைப் போடலாகாது. எவ்வளவு ஊடல் இருப்பினும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது. மருதத்தின் மோட்டார் சுவிட்ச் ஆயுதமன்று என்பது இதன் பிழிவு.

5. ஐயமும் தெளிவும்

அட்டவணை இவ்வளவு தெளிவாக இருந்தும் சண்டை தீராதது ஏன் எனின், பழுதுகள் அட்டவணையைப் படிப்பதில்லை. ஒரு சான்று காட்டுவோம்.

மழை நாளில் குடித்தனக்காரர் சொல்கிறார்: “சார், பெட்ரூம் சுவிட்ச் போட்டா ட்ரிப்பர் விழுது.” ஓனர் அட்டவணையைப் புரட்டி, சுவிட்ச் குடித்தனக்காரர் பங்கு என்கிறார். எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்சை மாற்றிக் காசு வாங்கிப் போகிறார். மறுநாளும் ட்ரிப்பர் விழுகிறது. காரணம் சுவிட்சில் இல்லை. மொட்டைமாடி ஓட்டின் இணைப்பில் இறங்கிய தண்ணீர் சுவருக்குள் வந்து, சுவிட்ச் பெட்டியை நனைத்து, மின்சாரம் கசிகிறது. வீடுகளில் மாட்டும் ட்ரிப்பர் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும்படி செய்யப்பட்டது. அது தன் கடமையைச் செய்கிறது. அதை எடுத்துவிட்டு நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்பவர் உயிரோடு விளையாடுகிறார். ஆக, சுவிட்ச் குடித்தனக்காரருடையது, சுவர் ஓனருடையது, நோய் ஒன்றே. குறிஞ்சியில் பிறந்து நெய்தலில் வளர்ந்து சுவிட்ச் பெட்டியில் வெளிப்பட்ட இதனைத் திணை மயக்கம் என்பர் இலக்கணிகள்.

இதிலிருந்து பெறப்படுவது: பெரிய பழுது எப்போதும் சின்னப் புகாராகவே வீட்டு வாசலுக்கு வருகிறது. “ஒரு சின்ன விஷயம்” என்ற தொடக்கத்தைக் கேட்டு அலட்சியம் செய்யும் ஓனர், அந்தச் சின்ன விஷயம் கம்பி துருப்பிடித்துக் கூரையின் பூச்சு பெயர்ந்து விழும் அளவுக்கு வளர்ந்தபின் மொத்தமாகச் செலவழிக்கிறார். அந்த வகையில், நச்சரிக்கும் குடித்தனக்காரர் மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டே கட்டடத்தைச் சோதித்துத் தரும் பரிசோதகர் ஆவார். ஒரு புகாரும் சொல்லாத குடித்தனக்காரரைக் கண்டால்தான் ஓனர் அஞ்ச வேண்டும். அவர் காலி செய்த மறுநாள் கதவைத் திறக்கும்போது உண்மை தெரியும்.

6. முறைமை

ஆய்வின் பயனாக ஓனர்களுக்குக் கிடைத்த நடைமுறை வருமாறு.

முதலாவது, அன்றே பதில். பழுதை அன்றே தீர்க்க வேண்டியதில்லை. “பார்த்தேன், சனிக்கிழமை ஆள் வருவார்” என்ற ஒரு வரி போதும். கைக்கிளை பெருந்திணையாக மாறாமல் காப்பது இவ்வரியே.

இரண்டாவது, நேரில் போய்ப் பார்த்தல். வீடியோவை நம்பற்க. சுவர்ப் புகாரெனில் மாலை வெயிலில் போகவும்.

மூன்றாவது, குடிவரும் அன்றே இருவருமாகச் சுவர், குழாய், ஃபேன், பூட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, யார் பங்கு எது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளல். காலி செய்யும் நாளில் பழைய விரிசலா புதிய விரிசலா என்ற சொற்போருக்கு இதைவிட நல்ல நடுவர் இல்லை.

நான்காவது, ஐப்பசி பிறக்குமுன் ஓனரே மொட்டைமாடிக்கு ஏறிச் சருகை அள்ளி, ஓட்டு இணைப்பைப் பார்த்தல். நள்ளிரவு அழைப்புகளுக்கு இதனினும் மலிவான மருந்து காணப்படவில்லை.

ஐந்தாவது, பெருந்திணைப் புகாருக்கு “அது என்னால முடியாது தம்பி” என்று அன்போடும் தெளிவோடும் முதல்நாளே சொல்லிவிடல். “பார்க்கலாம்” என்ற சொல் ஓனர் வாயில் மறுப்பு. குடித்தனக்காரர் காதில் வாக்குறுதி.

7. முடிபு

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. புகாரை நீட்டுவது பழுதன்று, மௌனம். தளத்தை ஓனரும் வாஷரைக் குடித்தனக்காரரும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவிட்சில் சந்தேகம் வந்தால் இருவரும் சேர்ந்து சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இம்முடிபை ஏற்காத ஓனர்கள் ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுதும் பிறர் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு மறுப்புரை எழுதுக.