அரை நாளில் ஏரியை அறிந்தவர்கள்

பழவேற்காட்டுக்கு வந்துபோன அந்நியர்களில் ஆலோசகர்களைப் போல் மெச்சத்தக்கவர்கள் வேறு யாருமில்லை. டச்சுக்காரர்களைப் பாருங்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், பீரங்கி வைத்தார்கள், துணியையும் அடிமைகளையும் கப்பலேற்றினார்கள். ஏறத்தாழ இரு நூற்றாண்டு இங்கேயே கிடந்துவிட்டு, கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். எவ்வளவு கால விரயம்! இன்றைய ஆலோசகர் காலை பத்தரைக்கு இன்னோவாவில் வந்து இறங்குகிறார். நாலு மணிக்கெல்லாம் மீஞ்சூரைத் தாண்டிவிடுகிறார். அதற்குள் ஏரி, கடல், பதினைந்து இருபது குப்பம், அவற்றின் எதிர்காலம் எல்லாம் அவருக்குப் பிடிபட்டிருக்கும்.

நிறுவன ஆலோசனைத் தொழிலுக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்களுக்கு நான் சொல்வது, வகுப்பறையில் உட்கார்ந்து காலத்தைக் கழிக்காதீர்கள், பழவேற்காட்டில் வேலை செய்யும் உங்கள் மூத்தவர்களைப் பார்த்துப் பழகுங்கள் என்பதுதான். இந்தத் தொழிலுக்கான நேர்காணல்களில் ‘சென்னையில் எத்தனை பெட்ரோல் பங்க் இருக்கும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கணக்கிடு’ என்று கேட்பார்கள். அந்தத் திறன் முழுதாகக் கனிந்தால் எப்படியிருக்கும் என்பதை இங்கே காணலாம். படகில் ஏறாமலே படகுகளை எண்ணிவிடுவார்கள். ஒரு குப்பத்தைப் பார்த்தால் போதும், மற்றக் குப்பங்களைப் பெருக்கல் வாய்ப்பாடு பார்த்துக்கொள்ளும்.

மெக்கின்சி நிறுவனத்தில் வேலை பார்த்த பார்பரா மின்டோ, ‘பிரமிடு கோட்பாடு’ என்றொரு முறையை வகுத்துக் கொடுத்தார். முடிவை முதலில் சொல், காரணங்களை அதன்கீழ் அடுக்கு என்பது அதன் சாரம். எழுதுவதற்கு மட்டும் என்று அந்த அம்மையார் நினைத்திருக்கக்கூடும். நம்மவர்கள் அதை வாழ்க்கை நெறியாகவே ஆக்கிக்கொண்டார்கள். முடிவைச் சென்னையிலேயே எழுதி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். காரணங்களை மட்டும் ஊரில் பொறுக்கிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மேலானது, காதில் விழுவதைத் தாளுக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் திறன். “உங்க ஊர்ல ஏதாச்சும் அமைப்பு இருக்குதாங்களா?” என்று ஆலோசகர் கேட்பார். “இருக்கு சார். ஊர்ப் பஞ்சாயத்து இருக்கு. பாடு இருக்கு” என்பார் பெரியவர். ஆலோசகரின் படிவத்தில் சுய உதவிக் குழு, கூட்டுறவுச் சங்கம், வேறு என்று மூன்றே கட்டங்கள். பாடு, ‘வேறு’ என்ற கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு, ‘இம்மக்களிடம் நிறுவனக் கட்டமைப்பு பலவீனமாக உள்ளது, திறன் வளர்ப்புப் பயிற்சி தேவை’ என்று அறிக்கை வரும். வழவழப்பான தாளில், வண்ணப் படங்களோடு.

அந்த ‘வேறு’ என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க எவ்வளவு மனக்கட்டுப்பாடு வேண்டும் தெரியுமா? ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டத்தில் இறால் வரும் இடங்கள் கொஞ்சம்தான். வலை கட்ட ஆசைப்படும் ஆட்களோ அதிகம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் நாள்முறை வைத்துக்கொள்கின்றன. இன்று உன் ஊர், நாளை என் ஊர்; இதற்குப் பெயர்தான் பாடு. ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கிறார்கள். தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டவனுக்குத்தான் உரிமை. நல்ல இடம் ஒருத்தனுக்கே நிலைக்காது, மோசமான இடமும் ஒருத்தன் தலையிலேயே விடியாது. மீறினால் பஞ்சாயத்து, அபராதம். உறுப்பினர் யார், முறை எது, கண்காணிப்பது எப்படி, தகராறை எங்கே தீர்ப்பது என்று மேலாண்மைப் பாடநூலில் தனித்தனி அத்தியாயமாக வருவதெல்லாம் இங்கே ஓலைக்கொட்டகையில் உட்கார்ந்து பேசி முடிக்கிற காரியம்.

இதையெல்லாம் 1991-லேயே செபாஸ்டியன் மேத்யூ ஆராய்ந்து எழுத, ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு அதை வெளியிட்டது. அதை ஆலோசகர் படித்துத் தொலைத்தால் தொழில் என்ன ஆவது? ஆனால் துருக்கியின் அலன்யாவைப் படித்திருப்பார். அங்கேயும் மீனவர்கள் சீட்டுப் போட்டு இடம் பிரித்து, நாள்தோறும் இடம் மாறி வலை போட்டுவந்தார்கள். எலினார் ஆஸ்ட்ரம் 1990-ல் எழுதிய நூலில் அதைப் புகழ்ந்து வைத்தார். 2009-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே ‘உலகின் சிறந்த நடைமுறை’ என்ற தலைப்பில் அலன்யாவின் படத்தைத் திரையில் போட்டு, முறைவைத்து மீன் பிடிப்பது எப்படி என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு ஒரு பட்டறையே நடத்திவிடலாம். தேநீர், சமோசா உண்டு.

பாடு ஒன்றும் பத்தரை மாற்றுத் தங்கமில்லை. அதில் பெண்ணுக்குப் பங்கில்லை. வேறு சாதியாருக்கு இல்லை. சேற்றில் கையால் தடவி இறால் எடுக்கும் இருளர்களுக்கும் இல்லை. பின்னால் மீன்பிடிக்க வந்த ஊர்கள் ‘எங்களுக்கும் பாடு வேண்டும்’ என்று கேட்டதில் சண்டைகளும் நடந்திருக்கின்றன. ஒரு வாரம் தங்கி, இருளர் குடியிருப்புக்கும் நடந்துபோய்க் கேட்டால் இது வெளியே வரும். கேட்டவர் உண்மையிலேயே ஆலோசனை சொல்ல வேண்டிய இக்கட்டில் மாட்டிக்கொள்வார். நம் ஆலோசகர் சாமர்த்தியசாலி. பாடு முறையின் அழகையும் பார்க்கமாட்டார், அநியாயத்தையும் பார்க்கமாட்டார். இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு மூடும் சமநோக்கு ஞானிகளுக்கே அரிது.

இரக்க குணத்திலும் குறையில்லை. 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரை முழுவதும் எத்தனை மதிப்பீடு, எத்தனை பரிந்துரை! போன படகுகளைவிட வந்த ஃபைபர் படகுகள் அதிகம் என்னும் அளவுக்குக் கொடுத்தார்கள். படகுக்கு ஏற்ப மீனும் பெருகவில்லை என்றால் அது மீனிடமுள்ள திறன் குறைபாடு.

நகல் எடுக்கும் திறனையும் இகழக்கூடாது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காகத் தயாரான சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையில், அங்குள்ள பறவைகளின் வாழிடம் ஸ்புரூஸ், பிர்ச் மரக் காடுகள் என்று இருந்தது. கொங்கணக் கரையில் அந்தப் பனிநாட்டு மரங்கள் கிடையாது. ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து அவை பெயர்ந்து வந்திருந்தன. எல்லைகளைக் கடந்த சிந்தனை என்பது இதுதான். பழவேற்காட்டுப் பூநாரைகள் இன்னும் எந்த அறிக்கையிலும் பிர்ச் மரத்தில் கூடு கட்டவில்லை என்பதில் எனக்குச் சற்று ஏமாற்றமே.

இத்தகைய அறிக்கை எழுத மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கை வழி வகுத்திருக்கிறது. இப்போது அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம் வேண்டும். பன்னிரண்டு துறைகளுக்கு வல்லுநர் பட்டியல் உண்டு, அதில் சமூகப் பொருளியலும் ஒன்று. ஊதியம் கொடுப்பவர் மட்டும் திட்டத்தைக் கொண்டுவருபவரே. மாப்பிள்ளை வீட்டார் செலவில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொல்பவர் எவ்வளவு நடுநிலையோடு இருப்பாரோ அவ்வளவு நடுநிலையை இந்த ஏற்பாடு உறுதி செய்கிறது.

ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் இருக்கிறது. 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் இருப்பதை 6,111 ஏக்கராக விரிக்கத் திட்டம் போட்டார்கள். 2021 ஜனவரி 22-ல் வைத்த பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிப்போயிற்று, 2023 செப்டம்பர் 5-ல் வைத்ததும் நடக்கவில்லை. முகத்துவாரம் என்னாகும், மணல் எங்கே போகும், வலை கட்ட இடம் மிஞ்சுமா என்று குப்பங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. படிக்காத சனங்களின் அவசர புத்தி. ஆலோசகர் என்றால் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார். ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு இராது, இருப்பின் தணிக்கப்படும்’ என்று ஒரே வாக்கியத்தில் இரு பக்கமும் கதவு வைத்துவிடுவார்.

ஆக, தம்பி தங்கைகளே, விண்ணப்பியுங்கள். ஆங்கிலம் வேண்டும், எக்செல் வேண்டும், திரையில் அம்புக்குறி போடத் தெரிய வேண்டும், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘இரண்டாம் கட்ட ஆய்வு அவசியம்’ என்று எழுத மறக்கக்கூடாது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நான் எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை. முகத்துவாரம் வரை போகிற வேலை இல்லையே.