ஐ5-8500டி: ஓர் உறுப்பிலக்கண ஆய்வு

வீட்டில் சேர்ந்துகிடக்கும் படம், பாட்டு, கல்யாண வீடியோ அனைத்தையும் ஒரே பெட்டியில் போட்டு, எந்த அறை டிவியிலும் பார்க்க வகைசெய்வது மீடியா செர்வர் எனப்படும். அதற்குப் பழைய கம்ப்யூட்டரே போதும் என்பது எல்லார்க்கும் உடன்பாடு. எந்தப் பழைய கம்ப்யூட்டர் என்பதில்தான் மூன்று மதங்கள் உள.

முதலாவது பெருஞ்செர்வர் மதம். கம்பெனிகள் கழித்த ரேக் செர்வரை, இரண்டு ஜியான் பிராசஸரோடு, சல்லிசாகத் தூக்கி வருவோர் இவர்கள். இம்மதத்தை மின்கட்டணமே மறுத்துவிடுகிறது. சும்மா இருக்கையிலேயே 100 வாட் இழுக்கும் பெட்டிக்கு இரண்டு மாதத்தில் 144 யூனிட் ஆகும். தமிழ்நாட்டு வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் பெரும்பகுதியை இதுவே விழுங்கிவிடும். விசிறிச் சத்தம் தனி. படத்தின் வசனம் கேட்காது.

இரண்டாவது, திரை உடைந்த லேப்டாப் மதம். பேட்டரியே யூபிஎஸ் ஆகும் என்பார்கள். பேட்டரி உப்பும்வரை நல்ல வாதம்.

மூன்றாவதே நம் மதம். அலுவலகங்கள் கழித்துவிடும் குட்டி டெஸ்க்டாப்: டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி. சும்மா இருக்கையில் 10 வாட் அளவுதான். இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள் அடங்கும்.

இனி அதை வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவோம். "ஐ7 சார், சூப்பர் கண்டிஷன்" என்பார் கடைக்காரர். இவ்விடத்தில் பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணம் கைகொடுக்கும். ஐ5-8500டி என்னும் இன்டெல் பிராசஸர் பெயரைப் பிரித்தால் ஐ5 + 8 + 500 + டி.

ஐ5 பகுதி. வாங்குவோர் பலரும் இதோடு நின்றுவிடுவது வழு. 8 இடைநிலை, வினைச்சொல்லில் போலவே இதுவும் காலம் காட்டும். 2 எனில் 2011-ல் வந்த தலைமுறை, 7 எனில் 2017-ஐ ஒட்டியது. 10400 போல் ஐந்திலக்கமாயின் முன்னிரண்டு இலக்கமும் இடைநிலை என்க. 500-ஐச் சாரியை எனக் கொண்டு கடந்துவிடலாம். டி விகுதி, 35 வாட் என்னும் அடக்கத்தை உணர்த்தும். எஃப் விகுதி வந்தால் எதிர்மறை: உள்ளே கிராபிக்ஸ் இல்லை, நமக்கு உதவாது. விகாரம் என்பது விற்பவர் வாயில் தோன்றுவது.

ஐ7 பெரிதன்றோ எனின், அற்றன்று. டிவியே வீடியோவின் வடிவத்தை ஓட்டிவிடுமானால் செர்வருக்கு ஃபைலை எடுத்துக் கொடுப்பதே வேலை. டிவிக்குத் தெரியாத வடிவமாக இருந்தாலோ, கொரியப் படத்துக்குப் பட வடிவ சப்டைட்டிலைக் காட்சியோடு சேர்த்து எரிக்க நேர்ந்தாலோதான் வீடியோவை உடனுக்குடன் மாற்றியாக வேண்டும். இன்டெல் கிராபிக்ஸில் உள்ள குயிக்சிங்க் அதை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். ஆனால் இன்றைய 4கே படங்களில் பரவலான 10 பிட் ஹெச்இவிசி வடிவத்தை அது முழுதாகக் கையாள்வது 7-ஆம் தலைமுறை முதற்கொண்டே. ஆகவே 95 வாட் ஐ7-2600 மூச்சுவாங்கும் இடத்தில் 35 வாட் ஐ3-7100டி அமைதியாகப் படம் காட்டும். (பிளெக்ஸ் என்னும் மீடியா செர்வர் மென்பொருளில் இந்த வசதிக்குக் காசு, எம்பி என்னும் மென்பொருளிலிருந்து 2018-ல் பிரிந்த ஜெல்லிஃபினில் இலவசம்.)

பெட்டியோடு வரும் ஹார்ட் டிஸ்குக்கும் ஜாதகம் உண்டு. ஸ்மார்ட் என்பது அதன் பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் மென்பொருள் கொண்டு பார்க்கலாம். ஓடிய மணியை 8,760-ஆல் வகுத்தால் ஓடிய ஆண்டு வரும். ரீஅலொகேட்டட் செக்டார் பூஜ்யமாக இல்லையேல் பொருத்தம் இல்லை. என் துணிபு: பெட்டி பழையது, டிஸ்க் புதியது. குட்டிப் பெட்டிக்குள் 3.5 அங்குல டிஸ்க் நுழையாது. யூஎஸ்பி உறையில் வெளியே வைக்கலாம், அல்லது சற்றே பெரிய எஸ்எஃப்எஃப் பெட்டியாகப் பார்த்து வாங்கலாம்.

பணம் கொடுக்குமுன் கடையிலேயே ஆன் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு கேட்டால், எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள்.