நூறு கிராம் குறைந்தால் வாங்கிவிடுவார்

டெலி லென்ஸ் வாங்கப்போகிறவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாங்கியவரை அல்ல, வாங்கப்போகிறவரை. நவம்பரில் வேடந்தாங்கல் கரைக்கு நாரைகளோடு நாரையாக வந்து சேர்வார். கழுத்தில் நிக்கான் டி90, அதில் கேமராவோடு சேர்ந்து வந்த அதே 18-105. "இந்த சீசன்ல ஒண்ணு வாங்கிடணும் தம்பி" என்பார். போன சீசனிலும் இதைத்தான் சொன்னார். எங்கள் கூட்டத்தில் அவருக்கு கிராம் சார் என்று பெயர்.

காரணம் அவர் பையில் இருக்கும் கொக்கித் தராசு. விமானத்தில் போகிறவர்கள் பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்த டிஜிட்டல் சாமான். யாராவது புது லென்ஸோடு காரை விட்டு இறங்கினால், நல்லா இருக்கே என்று சொல்லமாட்டார்.

"எத்தனை கிராம்?"

"ரெண்டு கிலோ முன்னூறு சார். நிக்கான் 200-500."

"ட்ரைபாட் காலரோடயா, காலர் இல்லாமயா?"

"காலரோட."

"அப்போ கழட்டினா ரெண்டு கிலோ தொண்ணூறு. ஹூடு போட்டுப் பாத்தீங்களா? மூடி? கம்பெனிக்காரன் மூடியெல்லாம் எடையில சேர்க்கமாட்டான் தம்பி. நாமதான் பாத்துக்கணும்."

பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையையும் நீட்டுவார். கொடுக்காமல் இருக்க முடியாது, வயதில் பெரியவர். வாங்கியதும் முதலில் வலது கையில் ஏந்திப் பார்ப்பார், பிறகு இடது கையில். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை. அதற்கப்புறம் வாரைக் கொக்கியில் மாட்டித் தூக்குவார். எண் நிலைக்கும்வரை மூச்சுவிடமாட்டார், நம்மையும் விடவிடமாட்டார். வந்த எண்ணைச் சட்டைப்பை நோட்டில் எழுதுவார். அந்த நோட்டில் செங்கல்பட்டு மாவட்டத்துப் பறவை ஆர்வலர்கள் அத்தனை பேருடைய லென்ஸ் எடையும் இருக்கிறது. பறவைப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

எடை விஷயத்தில் அவர் செய்த ஒரு கண்டுபிடிப்பை ஒரு சீசன் முழுக்கக் கேட்டோம். சிக்மா 150-600-இல் இரண்டு ரகம் உண்டு. ஸ்போர்ட்ஸ் 2,860 கிராம், கன்டெம்பரரி 1,930 கிராம். வித்தியாசம் 930. கேனான் 2020-இல் கொண்டுவந்த ஆர்எஃப் 600 எம்எம் எஃப்/11 லென்ஸின் மொத்த எடையும் சரியாக 930. "பாத்தீங்களா, ஒருத்தன் வித்தியாசத்துக்குள்ள இன்னொருத்தன் முழு லென்ஸே அடங்கிடுது!" என்று தொடையில் தட்டிக்கொள்வார். அடங்குகிறது, சரி. அந்த லென்ஸில் துளை எஃப்/11-ஐ விட்டு அசையாது, விடிகாலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை எங்கேயோ கொண்டுபோய் வைக்க வேண்டும், முக்கியமாக அது அவருடைய நிக்கானில் மாட்டவே மாட்டாது என்று ஒருவர் எடுத்துச் சொன்னார். "நான் எடையைப் பத்தி மட்டும்தான் சொல்றேன்" என்றார்.

ஒருநாள் அவர் அசந்த நேரம் பார்த்து அவர் பையையே கொக்கியில் மாட்டினோம். தண்ணீர் பாட்டில், குடை, மடக்கு நாற்காலி, இட்லி டப்பா, மிளகாய்ப்பொடிக்குத் தனி டப்பா, சின்ன முக்காலி எல்லாம் சேர்த்து ஏழு கிலோவைத் தாண்டியது. அவர் அசரவில்லை. "இது தோள் தாங்குற கனம். லென்ஸு கை தாங்குற கனம். ரெண்டும் ஒண்ணா?" ஒன்றில்லைதான். பறக்கும் பறவையைத் துரத்திக் கையை நீட்டி நின்றால் இரண்டு கிலோ எப்படி ஏறிக்கொண்டே போகும் என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும். தூக்காமலே இது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் ஆச்சரியம்.

எடை குறைந்தால் விலை ஏறும் என்பது இந்த உலகத்து விதி. நிக்கான் 2018-இல் 500 எம்எம் எஃப்/5.6 பிஎஃப் லென்ஸைக் கொண்டுவந்தது. உள்ளே ஃப்ரெனல் வகைக் கண்ணாடி, 1,460 கிராம். கிராம் சாருக்காகவே செய்ததுபோல இருந்தது. நோட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டார். பிறகு விலையைக் கேட்டார். 200-500-இன் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அன்றைக்கு அவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த வாரம் வந்து, "ஃபிக்ஸட் லென்ஸு தம்பி. நாரை கிட்ட வந்துட்டா என்ன பண்றது?" என்றார். வேடந்தாங்கலில் நாரை கிட்ட வராது. ஏரிக்கு நடுவே மரத்தில் உட்கார்ந்திருக்கும், நாம் கரையில் நிற்போம். அவருக்கும் இது தெரியும்.

விலையும் எடையும் ஒருசேரக் கைவிட்டால் கடைசிப் புகலிடம் பொருத்தம். இங்கே அவர் பக்கம் நியாயம் கொஞ்சம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டி90 வந்தது 2008-இல். பெயரில் 'இ' போட்ட புதிய நிக்கான் லென்ஸ்களில் துளையைச் சுருக்குவது மின்சாரம். டி90-க்கு அந்தப் பாஷை தெரியாது. ஆக 200-500-உம் 500 பிஎஃப்-உம் அவர் கேமராவில் ஒழுங்காக வேலை செய்யாது. சரி, பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கலாம் என்றால், அதன் ஃபோகஸைத் திருப்புகிற மோட்டார் லென்ஸில் இல்லை, கேமராவில் இருக்கிறது. டி90-இல் சுற்றும். நாளைக்கே நிக்கானின் புதிய இஸட் கேமரா வாங்கினால், பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇஸட் அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது, கையால்தான் திருப்ப வேண்டும். புதியதை வாங்கினால் இருக்கிற கேமராவுக்கு ஆகாது, பழையதை வாங்கினால் வரப்போகிற கேமராவுக்கு ஆகாது. இந்த முடிச்சை அவர் எத்தனை ஆனந்தமாக விவரிப்பார் தெரியுமா!

முடிச்சை அவிழ்க்க ஒரு வழி இருந்தது. ஏஎஃப்-எஸ் 300 எம்எம் எஃப்/4 டி. மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, துளைக்குப் பழைய நெம்புகோல்தான். இரண்டு கேமராவிலும் ஓடும், ஒன்றரைக் கிலோவுக்கு உள்ளே, செகண்ட் ஹேண்டில் கட்டுப்படியான விலை. கூட்டத்தில் ஒரு பையன் இதைச் சொல்லிவிட்டான். கிராம் சாரின் முகம் சட்டென்று வாடியது. கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு தெளிந்து, "அதுல விஆர் இல்லையே" என்றார். பறக்கிற நாரையை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுக்கும்போது, கை நடுக்கத்தைச் சமாளிக்கிற விஆர் இருந்தால் என்ன, போனால் என்ன? பையனை நான் கண்ணால் அடக்கினேன். அவரிடம் இதற்கும் ஒரு பதில் இருக்கும், அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அவர் மனைவி ஒருமுறை கூட வந்திருந்தார். காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "எடைதானே உங்களுக்குக் கஷ்டம்? நான் தூக்கிட்டு வரேன். வாங்கித் தொலைங்க." கிராம் சார் அதையும் யோசித்தார். உனக்குத் தோள்வலி உண்டே என்று முடித்தார்.

லென்ஸ் இல்லாததால் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று சில சமயம் தோன்றும். நாங்கள் ஐந்து பேர் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும்போது, சேற்றுப் பூனைப்பருந்து தாழ்வாக வருகிறது என்று முதலில் கையைக் காட்டுபவர் அவர்தான். கூழைக்கடா தன் கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும் தடம் அவருக்குத்தான் தெரியும். பழைய பைனாகுலர் ஒன்று போதும் அவருக்கு. அதை அவர் எடை பார்த்ததும் இல்லை.

இதெல்லாம் சரி. ஆனால் சார், ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். வேடந்தாங்கலில் நல்ல வெயில் காலையில் கொஞ்ச நேரம்தான். அதில் பாதி நேரம் என் லென்ஸ் உங்கள் கொக்கியில் தொங்குகிறது. பருந்து வருகிறது என்று நீங்கள் கையைக் காட்டும்போது அதை எடுக்க என்னிடம் லென்ஸ் இல்லை, உங்களிடம் இருக்கிறது, தராசில். அதன் எடை போன வாரத்தைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நோட்டில் பாருங்கள். காலரில் திருகு ஒன்றைக் காணோம், உங்கள் பையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். முன்மூடியையும் நீங்கள்தான் வைத்திருக்கிறீர்கள்.