தாடியும் மீசையும் பெண்பால்

பாரிஸ்

அன்புள்ள தம்பிக்கு,

நீ பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்ததை அறிந்து சந்தோஷம். "பாஷை லேசோ அண்ணா?" என்று கேட்டிருந்தாய். மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேலே வாசி.

எங்கள் இலக்கணத்தில் மேசையும் அஃறிணை, கதிரையும் அஃறிணை, வழக்கு முடிந்தது. இங்கே உயிரில்லாத சாமானுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. அதையாவது ஒரு நியாயத்தோடு பிரித்தார்களா? தாடி பெண்பால். மீசையும் பெண்பால். ஆம்பிளையள் போடும் சட்டை 'ஷெமீஸ்' பெண்பால். பெண்கள் போடும் 'ஷெமீஸியே' ஆண்பால். துவக்கோடு காவலுக்கு நிற்கும் சிப்பாய் எவ்வளவு பெரிய மீசைக்காரனாக இருந்தாலும் 'லா சோந்தினெல்', பெண்பால்தான். 'ஆஜ்' என்று முடிந்தால் ஆண்பால் என்று வாத்தியார் சொல்லித்தருவார். முழுதாக நம்பாதே, கடற்கரைக்குச் சொல்லும் 'பிளாஜ்' பெண்பால். எந்தச் சொல்லையும் முன்னால் நிற்கும் 'லு', 'லா'வோடு சேர்த்தே பாடமாக்கு. வேறு வழியில்லை.

எழுதுவதில் இவர்கள் செலவாளிகள், பேசுவதில் மகா கஞ்சர்கள். ஆகஸ்ட் மாதத்துக்கு நாலு எழுத்து எழுதிவிட்டு 'ஊ' என்பார்கள். தாராள மனசுக்காரர் 'ஊத்' என்பார்கள். ஒரு முட்டை 'எஃப்'. பல முட்டை என்றால் எழுத்து ஒன்று கூடும், சத்தம் ஒன்று குறையும்: வெறும் 'எ'. விருந்துக்குப் போனால் இன்னும் கவனம். 'ப்ளூஸ்' என்றால் இன்னும் வேணும். அதே எழுத்தை 'ப்ளூ' என்றால் போதும், வேண்டாம். கடைசி 'ஸ்' விழுங்கப்பட்டால் சாப்பாடும் போச்சு.

எண்கள்தான் பெரிய தலையிடி. 97ஐ இவர்கள் 'நாலிருபது பத்து ஏழு' என்பார்கள். தொலைபேசி இலக்கத்தை வேறு இரண்டிரண்டாகச் சொல்வார்கள். நாலு என்று கேட்டு 4 எழுதுவாய். இருபது வந்ததும் வெட்டி 80 ஆக்குவாய். பத்து, ஏழு வந்ததும் அதையும் வெட்டுவாய். அதற்குள் இலக்கம் சொல்லும் மனிசி மிச்சத்தையும் சொல்லிப் போனை வைத்திருப்பா. சுவிஸில் இருக்கும் சித்தி புண்ணியம் செய்தவ. அங்கே 70க்கும் 90க்கும் தனிச் சொல் இருக்கிறது. லோசான் பக்கம் 80க்கும் உண்டு. இங்கேயோ இருபதில் எண்ணுவது பழைய பழக்கம். 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்றவர்கள் 300 பேருக்கு அமைத்த இல்லத்துக்குப் பெயரே 'பதினைந்து இருபதுகள்'. இன்று அது பாரிஸில் கண் ஆஸ்பத்திரி. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் நாங்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகளை வெல்வோம். 'து', 'வூ' என்று ஆளறிந்து மரியாதை கொடுக்க இங்கிலீஷ்காரர் தடுமாறுவார்கள். நீ, நீர், நீங்கள் என்று மூன்று விதமாகக் கதைத்து வளர்ந்த உனக்கு இரண்டு என்ன பெரிய வேலை?

இன்னொரு விஷயம். 2026 ஜனவரி 1 முதல் இங்கே குடியுரிமை கேட்பவர்களுக்குப் பிரெஞ்சில் பி2 நிலைச் சான்றிதழ் வேண்டும். முன்பு பி1 போதுமாயிருந்தது. ஆகவே வகுப்புக்கு ஒளிக்காதே. 60க்கும் 99க்கும் இடைப்பட்டதை முதலில் பிடி. ஐயாவை லொத்தர் இலக்கங்களை உரக்க வாசிக்கச் சொல்லி, நீ பிரெஞ்சில் சொல்லிப் பழகு.

அன்புடன்,
அண்ணா