வரவேற்புப் பத்திரம்

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்த ஜெர்மானியப் பாதிரியாரையே இரேனியஸ் ஐயர் என்று வாய் நிறைய அழைக்கிற திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவன் நான். ஆகையால், எங்கள் ஊரில் ஐயர் என்றால் வெள்ளை அங்கி தரித்துப் பிரசங்க பீடம் ஏறுகிறவரே என்பதையும், அவர் மனைவியாகிய ஐயரம்மா தம்முடைய சமையலின் மணத்தைக்கொண்டு சபையாரால் நிறுக்கப்படுகிறவர் என்பதையும் வெளியூர் வாசகர்களுக்கு முதலிலேயே விண்ணப்பித்துக்கொள்ளுகிறேன்.

இந்த ஐயர்மார் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவதும் புதியவர் வருவதுமாக இருப்பார்கள். தமிழ்ப் பண்டிதனாய் வாய்த்த பாவத்துக்காக, ஒவ்வொரு முறையும் வரவேற்புப் பத்திரம் இயற்றும் திருப்பணி என் தலையில் விடிந்தது. 'கருணைக்கடலே, ஞானபானுவே, ஏழை பங்காளரே' என்று தொடங்கி அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு, மாலையோடு கையில் கொடுப்போம். அவர் போகும்போது அதே கடலும் அதே பானுவும் பிரிவுபசாரப் பத்திரத்தில் மறுபடி எழுந்தருளும்; 'வருக' என்னுமிடத்தில் 'சென்று வருக' என்று திருத்துவதைத் தவிர எனக்கு வேறு பிரயாசை இல்லை. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கடலைக் கலக்கி, அந்தப் பானுவுக்குக் கிரகணம் பிடிக்கச்செய்து, மேலிடத்துக்குச் சபையார் அனுப்பிய மனுக்களையும் எழுதினவன் நானே என்பது ரகசியம்.

இந்தக் கலையில் எனக்குக் குருவாய் விளங்கியவர் சேகரக் கமிட்டியின் மூத்த அங்கத்தினரான அண்ணாச்சி. "ஐயரைப் பார்க்கதுக்கு முந்தியே எழுதிப்போடும் தம்பி; பார்த்து நாலுநாள் பழகியாச்சுன்னா ஒரு வரி ஓடாது" என்று அவர் உபதேசித்த சூத்திரம் ஒருபோதும் பொய்த்ததில்லை.

அண்ணாச்சி எளிதில் வளைந்து கொடுக்கிறவரல்லர். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு முதலான சபையார் தங்கள் வேற்றுமைகளை மறந்து ஒன்றுகூட, தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆனால் அசனப் பண்டிகைக் குழம்பில் ஆட்டுக்கறியோடு கத்தரிக்காய் சேர்ப்பதா வாழைக்காய் சேர்ப்பதா என்கிற விஷயத்தில் அண்ணாச்சிக்கும் மற்ற கமிட்டியாருக்கும் கடைசிவரையில் ஐக்கியம் ஏற்படவேயில்லை. பண்டிகை ஏலத்திலோ, தம் தோட்டத்திலிருந்து தாமே காணிக்கையாய்ப் படைத்த பூசணிக்காயைப் பிறர் கொண்டுபோகச் சகியாமல், சந்தை விலையைப்போல் மூன்று பங்கு கொடுத்துத் தாமே திரும்ப எடுத்துப்போவார்.

எல்லாவற்றிலும் விசேஷம் அவருடைய சங்கீதம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடைய கீர்த்தனைகளுக்கு ராகமும் தாளமும் உண்டு என்பது உலகம் அறிந்தது. அண்ணாச்சியோ ராகத்தைச் சாஸ்திரியாருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தாளத்தை மட்டும் தம் வசம் வைத்துக்கொண்டிருந்தார். ஆர்மோனியம் நின்று, பாடகர் குழு மூச்சு வாங்கிய பின்னும் அவர் குரல் ஒவ்வோர் அடியின் ஈற்றிலும் ஒற்றையாய் நீண்டு, பின்வரிசையிலிருந்து பலிபீடம்வரை நடந்துபோய் அமரும். அதுவரையில் சபை முழுவதும் காத்திருந்துதான் அடுத்த அடியை எடுக்கவேண்டும். எத்தனையோ ஐயர்மார் இதைத் திருத்த முயன்று, திருத்தாமலே மாற்றலாகிப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் கோயில் மணி விட்டுவிட்டு ஒலித்தது. அது யாருக்கென்று தெரிய எங்களுக்கு நெடுநேரம் ஆகவில்லை. அன்று மாலை வரவேற்பு நடக்கவேண்டிய பந்தலின்கீழே புதிய ஐயர் பெட்டி படுக்கையோடு வந்திறங்கி, தமக்கென்று கட்டிவைத்திருந்த மாலையைத் தாமே எடுத்துக்கொண்டுபோய் அண்ணாச்சியின் மார்பில் சார்த்தினார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "அடக்க ஆராதனையிலே பேசவேணும், நான் அவரைப் பார்த்ததேயில்லையே. பழகினவர் நீங்கள், நாலு வார்த்தை எழுதித் தாருங்கள்" என்றார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னிடமிருந்த கடல்களையும் பானுக்களையும் முகம் அறியாத ஐயர்மாருக்கு வாரி இறைத்துவிட்டபடியால், நாற்பது வருஷம் உடன் பழகிய மனிதருக்குச் சூட்ட ஓர் அடைமொழியும் மிச்சமில்லை. அண்ணாச்சியின் சூத்திரம் அவர் விஷயத்திலேயே பலித்துவிட்டது. வெகுநேரம் கழித்து, 'தம் பூசணிக்காயைத் தாமே ஏலத்தில் எடுப்பவர்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். ஐயர் அதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனை தொடங்கியது. முதல் அடி முடிந்தது, ஆர்மோனியம் நின்றது, ஒருவரும் இரண்டாம் அடியை எடுக்கவில்லை. பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் நடந்துவந்து அமருவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரமும் சபை மௌனமாய் நின்றுவிட்டுத்தான் மேலே பாடிற்று. கடைசி அடிவரையில் இப்படியே நடந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, "இவ்வளவு நிதானமாய்ப் பாடுகிற சபையை நான் கண்டதில்லை" என்று புதிய ஐயர் மெச்சிக்கொண்டார். வந்து இரண்டு நாளே ஆகியிருந்தபடியால், அவர் எங்களைத் தாராளமாகப் புகழ முடிந்தது.