கேள்வி-பதில்: வார்டுக்கு வேட்பாளர் வருகிறார்

எங்கள் வார்டில் நிற்கப்போகிறவர் மெட்ரோ ரயில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, எல்லோருக்கும் ரேஷன் கார்டு என்று அடுக்குகிறார். நம்பலாமா?
– வாசகர், வில்லிவாக்கம்

வேண்டாம். மூன்றில் ஒன்றுகூடக் கவுன்சிலர் கையில் இல்லை. மெட்ரோவுக்குத் தனி நிறுவனம், தண்ணீருக்குச் சென்னைக் குடிநீர் வாரியம், ரேஷன் கார்டுக்கு உணவுத் துறை. தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை, உட்புறச் சாலை, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, சுகாதார நிலையம், மயானம் – மாநகராட்சி பார்க்கும் வேலைகள் இவை. இவற்றில் எதை முதல் ஆண்டில் முடிப்பார் என்று கேளுங்கள். தெருப் பெயரோடு பதில் வந்தால் வார்டில் நடந்து பார்த்தவர்.

சரி, நல்ல வேட்பாளரின் முதல் வாக்குறுதி எதுவாக இருக்க வேண்டும்?
– வாசகி, தாம்பரம்

பகுதி சபை. உங்கள் ஊரையே சாட்சிக்கு அழைக்கலாம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல் நகரத்துத் தெருக்களுக்கு இது. ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மக்களைக் கூட்டிக் குறைகளைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மேலே, கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு.

சென்னையில் ஒரு வார்டில் ஏறத்தாழ 30 ஆயிரம் வாக்காளர்கள். அத்தனை பேரின் தேவையையும் ஒரே ஆள் மனத்தில் வைத்திருக்க முடியாது. கூட்டம் நடந்தால் எந்தத் தெரு வடிகால் முதலில் என்பதை ஊர் பேசி முடிவு செய்யும். நடக்காவிட்டால் கவுன்சிலரின் வீட்டு வாசலுக்கு யார் போக முடிகிறதோ அவர் தெருவுக்குத்தான் வேலை நடக்கும். வேலை விட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண் அந்த வாசலுக்கு எப்போது போவாள்? அதனால் கேள்வியைக் கறாராகக் கேளுங்கள்: கூட்டம் எந்தத் தேதியில், எந்த இடத்தில்? போன கூட்டத்தில் கேட்டது என்ன ஆயிற்று என்று அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுவீர்களா? இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் மற்ற எதற்கு ஒப்புக்கொண்டாலும் பயனில்லை.

ஒவ்வொரு தேர்தலுக்கும் புதுச் சாலை போடுகிறார்கள். மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. என்ன கேட்பது?
– வாசகர், கொளத்தூர்

பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுத் தார் என்று எழுதி வாங்குங்கள். இது சலுகை அல்ல. 2021லேயே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் இதை வலியுறுத்திக் கடிதம் அனுப்பினார். சாலை உயர உயர வீடு பள்ளமாகிறது. ஒப்பந்தக்காரர் வந்ததும் தெருவில் நின்று பார்க்கிற கவுன்சிலர்தான் உங்களுக்கு வேண்டும்.

குப்பை பற்றி யாரும் வாய் திறப்பதில்லையே?
– வாசகி, ராயபுரம்

குப்பையைப் பற்றிப் பேசினால் அதை அள்ளுகிறவர்களைப் பற்றியும் பேச வேண்டும். 2025 ஆகஸ்டில் உங்கள் ராயபுரம் மண்டலத்தையும் திரு.வி.க. நகர் மண்டலத்தையும் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலுமாக உட்கார்ந்தார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இரண்டு கேள்விகள்: பணி நிரந்தரத்தில், கூலியில் உங்கள் நிலை என்ன? கையுறை, காலணி, கழிப்பறை, உடை மாற்ற ஓர் அறை இவற்றை வார்டுக்குள் உறுதி செய்வீர்களா? நம் தெருவைச் சுத்தம் செய்கிறவருக்கு ஒரு கழிப்பறை இல்லாதது நமக்குத்தான் அவமானம்.

வேட்பாளர் மனைவி, பேசுவதெல்லாம் கணவர். யாரிடம் கேட்க?
– வாசகர், மதுரை

அம்மாவிடம். கணவர் பதில் சொன்னால், "அம்மா சொல்லட்டும் சார்" என்று மறுபடியும் அம்மாவிடமே கேளுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016இல் சட்டம் செய்தது அவர்கள் மன்றத்தில் பேசுவதற்காக. 2022இல் 28 வயதில் சென்னை மேயரானார் பிரியா ராஜன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலித் பெண்.

கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்? அதிகாரிகள் இருக்கிறார்களே?
– வாசகர், கோவை

இருந்து பார்த்தோமே. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியாவிட்டால் மனு கொடுக்கலாம். அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஆள் இல்லை. ஐந்து ஆண்டுக் காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். அதைத் தள்ளிப்போட எந்தக் கட்சி காரணம் தேடினாலும் எதிர்த்துக் கேட்க வேண்டும்.

மாதம் 10 ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்தில் நேர்மையாக இருக்க முடியுமா?
– வாசகர், திருச்சி

முடியும், லட்சங்களைக் கொட்டி ஜெயிக்காதவரால். 2022இல் சென்னைக் கவுன்சிலர் வேட்பாளருக்குச் செலவு வரம்பு 90 ஆயிரம். உங்கள் வார்டில் எவ்வளவு ஓடுகிறது என்பதை நீங்களே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வரும் கவரைத் திருப்பி அனுப்புங்கள். போட்ட பணத்தை எடுக்க வேண்டியவர் வடிகாலில்தான் எடுப்பார்.

எனக்கு 22 வயது. சுயேச்சையாக நிற்கலாமா?
– வாசகி, ஆவடி

தாராளமாக. சட்டமன்றத்துக்கு 25 வயது வேண்டும். உள்ளாட்சிக்கு 21 போதும். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 2022இல் மாநகராட்சிக்கு வைப்புத்தொகை 4 ஆயிரம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2 ஆயிரம். வார்டின் எல்லாத் தெருக்களிலும் ஒரு மழை நாளில் நடந்துவிட்டு உங்கள் அறிக்கையை எழுதுங்கள். ஒரே பக்கம் போதும். நில்லுங்கள் அம்மா.