தட்டிப் பார்த்த நூல்கள்

மங்கலம்பேட்டையில் பொழுது சாய்ந்த பிறகு ஒரு மனிதன் தன் அபிப்பிராயத்தை அச்சமின்றி வெளியிடக்கூடிய இடங்கள் மிகச் சிலவே உண்டு. அவற்றுள் வீடு சேராது. ஆகவேதான், நெல் மண்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி ஓய்ந்த நானும், பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரும், ஜவுளிக்கடை பாயும், விருத்தாசலத்துப் பீங்கான் சூளை ஒன்றில் மேஸ்திரியாக இருப்பவரும் வாரத்துக்கு ஒருநாள் தேநீர்க்கடை பெஞ்சில் கூடி, அவரவர் படித்து முடித்த நூல்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம்.

இது நமக்குப் புதிய காரியமன்று. பிழையாகப் பாடியவர் தலையில் பிள்ளைப் பாண்டியன் குட்டினான் என்றும், வில்லிபுத்தூரார் காதை அறுத்தார் என்றும், ஒட்டக்கூத்தர் தலையையே வாங்கிவிட்டார் என்றும் கர்ணபரம்பரையாகச் சொல்கிறார்கள். (காது சம்பந்தப்பட்ட செய்தி கர்ணபரம்பரையாக வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.) சீத்தலைச் சாத்தனாரோ, பிறர் ஏட்டில் பிழை கண்டபோதெல்லாம் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொண்டாராம், இன்றைய விமரிசகர்களுள் இந்த மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர் எவரையும் நான் அறியேன். பிற்காலத்தில் விமரிசகர் க.நா.சு., ‘படித்திருக்கிறீர்களா?’ என்று நூலின் தலைப்பிலேயே கேட்டு, வாசகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். சினிமாவுக்கு மதிப்பெண் போட்டுவந்த ஆனந்த விகடனோ, 1977-ல் வந்த ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 வழங்கியது. அந்த அரை மதிப்பெண் எந்தக் காட்சிக்கு என்பதைப் பற்றி எங்கள் பெஞ்சில் இரண்டு வாரம் விவாதம் நடந்து, தேநீர்க் கணக்கு ஏறியதுதான் மிச்சம்.

தலைமையாசிரியர் அறுபதைத் தாண்டி யாருக்கும் போட்டதில்லை. எங்கள் விருத்தாசலத்துக்காரரான இமையம், 2020-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார் என்ற செய்தி வந்ததும், ஊர்ப் பாசத்தால் உந்தப்பட்டு, அவருடைய முதல் நாவலும் 1994-ல் வெளிவந்ததுமான ‘கோவேறு கழுதைக’ளை எடுத்து வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தால் கையில் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தார். வண்ணாத்தி ஆரோக்கியமும் மற்றவர்களும் இந்தப் பக்கத்துப் பேச்சிலேயே பேச, தலைமையாசிரியர் அந்தச் சொற்களை எழுத்துப் பிழையென்று வட்டமிட்டு வட்டமிட்டு நாற்பது பக்கம் போன பிறகுதான், வட்டமிட்ட சொல் ஒன்றைத் தாமே அன்று காலையில் சம்சாரத்திடம் உபயோகித்தது ஞாபகம் வந்ததாம். வட்டங்களை அழித்துவிட்டு, ஐந்து மதிப்பெண் கூட்டிப் போட்டார். அப்போதும் ஐம்பத்தெட்டுதான்.

பாயின் அளவுகோல் வேறு. வியாபாரம் மந்தமான பிற்பகலில், துணிக்கட்டுகளின் மேல் சாய்ந்தபடி படிப்பவர் அவர். “அருமையான புஸ்தகம் சார், ரெண்டாம் பக்கத்துலயே அசந்துட்டேன்” என்று சொல்லித் தாராளமாகத் தொண்ணூறு கொடுப்பார். இருபது வரை இறங்கிய ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி விசாரித்தபோது, “கண்ணை மூட விடலையே” என்று மனம் நொந்து சொன்னார்.

மேஸ்திரியின் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் வெந்து ஆறிய கோப்பையை இடக்கை விரல் நுனிகளில் ஏந்தி, வலக்கை விரல் முட்டியால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். மணி போல இழுத்து ஒலித்தால் முதல் தரம். ‘டொக்’கென்று செத்த சத்தம் வந்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே ஓடியிருக்கிறது என்று அர்த்தம், அது உடைசல் குவியலுக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே, மேற்பூச்சில் மாத்திரம் குறைப்பட்டு, ஆனால் ஒழுகாததாக ஒரு ஜாதி உண்டு; அதற்கு ‘செகண்ட்ஸ்’ என்று பெயர், பாதி விலை. நூலையும் அவர் அப்படியே அட்டையில் தட்டிக் காதருகில் வைத்துக்கொள்வார்; பிறகு நட்டநடுவே பிரித்து ஒரு பத்தியை வாய்விட்டுப் படிப்பார். தீர்ப்பு அவ்வளவுதான். நாங்கள் சிரித்தோம், ஆனால் நான் முந்நூறு பக்கம் புரட்டிக் கண்டுபிடித்த கீறலை, அவர் அரை நிமிஷத்தில் கண்டதுண்டு.

இந்தச் சபைக்கெல்லாம் முன்னோடி, நூலகப் புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் நடக்கும் சபை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். பென்சிலைப் பற்றி ஆறாவதாக ஒன்று வகுக்காமல் போனார். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிற பிரஜை, பக்கத்து ஓரத்தைத் தன் புறம்போக்காகவே பாவிக்கிறான். “சுமார்”, “அழுதுவிட்டேன்”, “நேரம் வீண்”, அதன் கீழே வேறு கையெழுத்தில் “உன்னை யார் படிக்கச் சொன்னது?” என்றெல்லாம் கண்டிருக்கிறேன். ஒரு மர்ம நாவலின் முதல் பக்கத்தில், “கொன்றது டாக்டர்” என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்த பரோபகாரியை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை.

சென்ற மாதம் என் முறை வந்தது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த பழைய நாவல் ஒன்றை (பெயர் வேண்டாம், அதன் பக்தர்கள் இன்னும் ஜீவந்தராக இருக்கிறார்கள்) நிர்த்தாட்சண்யமாகக் கிழித்தேன். வர்ணனை மிகை, சம்பாஷணை செயற்கை, கதாநாயகி பக்கத்துக்குப் பக்கம் மூர்ச்சை போடுகிறாள் என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்து, நூற்றுக்கு இருபத்தெட்டு என்று முடித்தேன். இதற்குள் தலைமையாசிரியர் நூலைக் கையில் வாங்கி, வழக்கம் போலக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், பிறகு வகுப்பில் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்: “மூன்று இரவு உறங்கவில்லை. நூற்றுக்கு நூறு. இதைக் குறை சொல்பவன் ரசனையற்ற மூடன்.” கீழே 14-3-1983 என்று தேதியும், மண்டிப் பேரேட்டில் நான் போடுகிற அதே சுழியோடு ஒரு கையெழுத்தும் இருந்தன.

“யாரு சார் அது?” என்று பாய் வெகு அப்பாவியாகக் கேட்டார்.

நான் தேநீர்க் கிளாஸின் அடியில் கரையாத சர்க்கரையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி மெல்ல எழுந்து வந்தார். பிள்ளைப் பாண்டியனைப் போல ஓங்கிக் குட்டவில்லை. விரல் முட்டியால் என் உச்சந்தலையில் பதமாக ஒரு தட்டுத் தட்டி, செவியைச் சாய்த்துச் சற்றுநேரம் கேட்டார்.

“செகண்ட்ஸுங்க, கணக்குப்புள்ள” என்றார். “ஆனா ஒழுவாது.”